பெயர்க்காரி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். மூவர்! எழுதிவிட்டு இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். உன் காது எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த மெஷினைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை அலமாரியில் அதற்கு ஓய்வு கொடுத்திருக்கிறாயா?

வியாழக்கிழமை போனில் நான் கத்தியது ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது. உனக்குத்தான் பாதி கேட்டிருக்காது. அதனால் நம் வழக்கம்போலக் கடிதம். பெண் குழந்தை. தலை கொள்ளாத முடி. அழுதால் மூக்கு மட்டும் சிவக்கிறது. பதினோரு வருஷம் காத்திருக்க வைத்தவள், இப்போது ஒரு நிமிஷம் பால் தாமதமானால் ஊரைக் கூட்டுகிறாள்.

பெயர் முடிவாகிவிட்டது. உன் பெயர்தான்.

என் மனைவி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பவள் அல்லவா, எதையும் ஃபைலில் போட்டு ஆறவிட்டுத்தான் பதில் சொல்வாள். மாமியார்தான், "ஏன் மாப்பிள்ளை, பொறக்கும்போதே கொழந்தைக்கு அம்பது வயசா?" என்று கேட்டார். கேட்கட்டும். பதிவு அலுவலகத்தில் பெயர் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் இருக்கிறதாம். எனக்கு ஆறு நிமிஷம் போதும். நீ சரி என்று ஒரு வரி எழுது.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
தம்பி

*

பிப்ரவரி 15

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். காது மெஷின் அலமாரியில் என்னைவிட நலம். குழந்தைக்கும் பெற்றவளுக்கும் உடம்பு எப்படி? அவளை நன்றாகத் தூங்கவிடு. ராத்திரி முழித்துக்கொண்டால் நீ தூக்கு, ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்க்கிற இன்ஜினீயருக்கு ஒரு குழந்தை பாரமா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். தனியாக இருப்பதில் அது ஒரு வசதி, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

பெயர் விஷயம். வேண்டாம்டா. என் காலத்தில் தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு கதவு திறக்கும். ஐந்தாவது வீட்டிலிருந்து "பெரியவளா, சின்னவளா?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் மட்டும் ஆறு பேர். தையல் கம்பெனியில் எங்கள் லைனிலேயே மூன்று பேர் இருந்தோம். நான் நெட்டை. பக்கத்து மெஷின்காரி கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணாடியக்கா. மூன்றாமவள் கடைசி மெஷினில் உட்கார்ந்ததால் அவளுக்குக் கடைசி என்றே பெயர். கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்ற பிறகும் பாவம் அவள் கடைசிதான். இத்தனை பேர் போட்டுக் கசக்கின பெயரை ஒரு பச்சைக் குழந்தைக்கு மாட்டுவானேன்? நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கேலி செய்து அழ வைக்கும்.

என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடினது போதும். புதுசாக, அழகாக ஒரு பெயர் பார்.

அக்கா

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். பாப்பாவும் நலம், எடை ஏறியிருக்கிறது. உங்கள் தம்பிதான் தூக்கமில்லாமல் இளைத்துப்போய், லிஃப்டில் நின்றபடியே கண்ணசருகிறாராம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பெயர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு எதையும் சரிபார்க்காமல் இருக்க முடியாது. லீவிலிருந்தாலும் ஒரு நாள் ஆபீஸுக்குப் போய் சேர்க்கைப் பதிவேடுகளை வகுப்பு வகுப்பாகப் புரட்டினேன். நானூற்றுப் பதினேழு பெண் பிள்ளைகள். ஒருத்திக்குக்கூட உங்கள் பெயர் இல்லை. பாதுகாவலர் கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பதினாறு இருக்கிறது. இப்போதைய பெயர்கள் எல்லாம் ஒரே ஓசையில் முடிகின்றன. ஒருத்தியைக் கூப்பிட்டால் அரை வகுப்பு எழுந்து நிற்கிறது. ஆகவே நீங்கள் சொன்ன கஷ்டம் இப்போது புதுப் பெயர்களுக்குத்தான்.

ஆபீஸில் ஆளுக்கொன்று சொன்னார்கள். தலைமையாசிரியை, "தைரியமா வை. அந்தப் பேரை யாரும் தப்பா எழுத முடியாது, பாதி சர்டிஃபிகேட் பிரச்சினை அதோட போச்சு" என்றார். கணக்கு டீச்சர் முகத்தைச் சுளித்து, "ஐயோ, எங்க வீட்டுக்காரரோட அத்தை பேரு. கேட்டாலே அதட்டற மாதிரி இருக்கு" என்றாள். விளையாட்டு மாஸ்டர், "எங்கம்மா பேரு. என் பொண்ணுக்கு வெக்கத் தோணலை. வெச்சிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மணியடிக்கப் போய்விட்டார். என் அம்மா இன்னும் இறங்கி வரவில்லை.

எனக்குப் பிடித்திருக்கிறது. நேற்று தொட்டில் அருகே மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தேன். வாய்க்குச் சுகமாக இருந்தது.

ஒன்று கேட்டால் தப்பாக நினைக்கக் கூடாது. அக்கா கூச்சப்படுகிறாள் என்கிறார் உங்கள் தம்பி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்களுக்கே அந்தப் பெயர் பிடிக்காதா?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
தம்பி மனைவி

*

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

ஆசிகள். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. உட்காருவேன், எழுந்துவிடுவேன், அப்படியே நாள் ஓடிவிட்டது.

இத்துடன் நாலு கவுன் அனுப்பியிருக்கிறேன். தையல் உள்பக்கம் உறுத்தாதபடி மடித்துத் தைத்திருக்கிறேன். பொத்தான் வைக்கவில்லை, குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். மஞ்சள் கவுன் கொஞ்சம் பெரிது, வளர்ந்ததும் போடு. பாப்பா குப்புற விழுகிறதா? கழுத்து நின்றுவிட்டதா?

பெயர் பிடிக்காதா என்று கேட்டிருந்தாய். ஒரு காலத்தில் பிடித்துத்தான் இருந்தது.

அண்ணி

*

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எல்லோரும் நலம். கவுன்கள் வந்தன. மஞ்சளை நேற்றே போட்டுப் பார்த்தாயிற்று, அதற்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

இவளுக்கு நீ எழுதிய இரண்டு வரியைப் படித்தேன். இதென்ன பேச்சு? உனக்குப் பிடிக்கவில்லை என்றால் போகட்டும், எனக்குப் பிடிக்கும். நான் கூட வேலை பார்க்கிறவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் தெரியுமா? எனக்குப் பதினேழு வயசு. அப்பா இல்லை. அம்மா படுக்கையில். மறுநாள் ஒர்க் ஷாப்பில் எடுபிடியாகச் சேருவதாக இருந்தேன். அன்றைக்கு உன் கம்பெனியில் எல்லோரையும் நிறுத்தி மேனேஜர் உன் பெயரைக் கூப்பிட்டார். சூப்பர்வைசர்! நீ வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஒர்க் ஷாப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீ படிக்கப் போற" என்றாய். மறுநாள் வேலைக்குப் போய்த் திரும்பியபோது உன் முகம் வெளுத்துப் போயிருந்தது. சந்தோஷத்தில் மனிதர்கள் வெளுத்துப்போவார்கள் என்று அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பெயரைக் கூப்பிட்டதால்தான் நான் இன்றைக்கு ஒரு மனுஷன். என் மகளுக்கு அதை வைக்காமல் வேறு எதை வைப்பேன்? படிவத்தை நிரப்பிவிட்டேன். மே கடைசியில் கொடுக்கப்போகிறேன். நீ தடுத்தாலும் கேட்பதாக இல்லை.

பிடிவாதக்காரத்
தம்பி

*

மே 8

தம்பிக்கு,

எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும். இதை உட்கார்ந்து படி. படித்துவிட்டு உன் மனைவியிடமும் கொடு. அந்தப் பெண் என்னிடம் நேராகக் கேட்டாள். நான்தான் நேராகச் சொல்லவில்லை.

மேனேஜர் கூப்பிட்டது என் பெயரை அல்ல.

அவர் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் பெயரும் டோக்கன் நம்பரும் எழுதியிருந்தது. அவசரத்தில் பெயரை மட்டும் வாசித்தார். எங்கள் லைனில் அந்தப் பெயரில் மூன்று பேர். கடைசி அன்றைக்கு லீவு. கண்ணாடியக்கா கீழே விழுந்த நூல் பாபினைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என்னைத்தான் என்று நினைத்தேன். கை தட்டினார்கள். கண்ணாடியக்காவும் நிமிர்ந்து தட்டினாள்.

மறுநாள் காலை ஆபீஸில் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்தத் தாளை அப்போதுதான் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் இருந்தது கண்ணாடியக்காவின் நம்பர். ஏழு வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சட்டையில் குத்திய அட்டையைத் தினமும் பார்த்தவளுக்குத் தெரியாதா? குமாஸ்தா தலை நிமிராமல், "உங்க நம்பர்தானே?" என்றார்.

"ஆமா" என்றேன்.

உன் முகம்தான் கண்ணில் நின்றது என்று எழுதலாம். நின்றதும் நிஜம். முந்தின நாளே நீ படிக்கப் போகிறாய் என்று வாய்விட்டிருந்தேன். ஆனால் உன்மேல் பழி போட மாட்டேன். எனக்கும் அந்த நாற்காலி வேண்டியிருந்தது. மாதக் கடைசியில் நம்பர் இடிக்கிறது என்று குமாஸ்தா வந்தார். "எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்க போல" என்றேன். திருத்திக்கொண்டு போனார். அது இரண்டாவது பொய். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

நியாயப்படி அவள்தான். என்னைவிட ஐந்து வயசு பெரியவள், கை சுத்தம், ஒரு காலர் திரும்பி வந்ததில்லை. பத்தொன்பது வருஷம் எனக்குக் கீழே வேலை பார்த்தாள். அவள் லீவு கேட்டு நான் இல்லை என்று சொன்னதே கிடையாது. "நெட்டை மாதிரி நல்ல மனசு யாருக்கு வரும்?" என்று எல்லோரிடமும் சொல்லுவாள். அதுதான்டா என்னால் தாங்க முடியாமல் போனது. காது கெட்டுப்போனதென்று வேலையை விட்டேனே, அதில் பாதிதான் காது.

அந்தப் பெயரை உன் பிள்ளைக்கு வைத்து, என்னைக் காட்டி, "இவங்களாலதான்" என்று நீ சொல்வாய். நான் எப்படி நிற்பேன்?

அக்கா

*

ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பாப்பா நலம். குப்புற விழுந்து, திரும்பத் தெரியாமல் எங்களைத் திட்டுகிறாள். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா?

அவர் எழுதமாட்டேன் என்கிறார், அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். இரண்டு நாள் கழித்துத் தன் பட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பீரோ மேல் வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. படிவம் மேசை டிராயரில் இருக்கிறது. பாப்பாவைப் பாப்பா என்றே கூப்பிடுகிறோம்.

அவருக்கு உங்கள்மேல் கோபமில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இத்தனை பெரிய உண்மையை எழுதியவருக்கு நான் ஒரு சின்னப் பொய்யை எழுதக் கூடாது. கோபம் இருக்கிறது. ராத்திரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "பத்தொம்போது வருஷம் எப்படிப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டா?" என்று கேட்கிறார். என்னையா கேட்கிறார், தெரியவில்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், நீங்கள் தப்பான ஆளிடம் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் சொல்லியிருக்க வேண்டியவர் வேறு.

பிரியமுள்ள
தம்பி மனைவி

*

ஜூலை 2

அக்காவுக்கு,

நலம். பதிவு அலுவலகத்தில் இன்னும் நாலு வாரம்தான்.

அவங்களிடம் சொன்னாயா?

தம்பி

*

ஜூலை 19

தம்பிக்கு,

உங்கள் மூவர் நலமும் அறிய ஆவல். சொல்லிவிட்டேன்.

வீடு கண்டுபிடிக்கச் சிரமமில்லை. ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம், ரெண்டாவது மாடி. ஜன்னலோரம் மெஷின் போட்டு, கடைக்குத் திரைச்சீலை தைத்துக்கொடுக்கிறாள். என்னைப் பார்த்ததும், "வாடி நெட்டை! வழி தெரிஞ்சுதா இப்பவாவது?" என்று துணியை அள்ளி ஓரம் தள்ளி உட்கார இடம் போட்டாள். அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

உட்காராமலே சொன்னேன். எழுந்து நின்றது, நம்பரைப் பார்த்தது, ஆமா என்றது, மாதக் கடைசியில் சொன்னது, எல்லாம். அவள் மெஷினை நிறுத்தவில்லை. காது கேட்காத எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. ஒரு முழுத் திரைச்சீலையை ஓரம் அடித்து முடித்து நூலைக் கத்தரித்தாள்.

"எந்த வருஷம் அது?"

சொன்னேன்.

"அந்த வருஷந்தான் என் பெரியவளைப் பத்தாவதோட நிறுத்தினேன். லைனுக்குக் கூட்டிட்டு வந்தேன். நீதான் அவளுக்குக் காலர் போடச் சொல்லிக்குடுத்த."

எனக்குத் தெரியும். மறந்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஊசிக்குக் கீழே எப்படித் துணியை ஓட்டுவது என்று காட்டினேன். சீக்கிரம் கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுத்தேன். இன்னும் அங்கேதான் தைக்கிறாள்.

"மன்னிச்சிடு அக்கா" என்றேன்.

"அதெல்லாம் இப்பக் கேக்காத. வர்றப்ப வரும், வரலைன்னா இல்ல. நாளைக்கு இந்தத் துணியைக் குடுத்தாகணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குடி வந்து சொல்ற? எனக்காகவா, உனக்காகவா?"

அப்போதுதான் உன் குழந்தையைப் பற்றியும், நீ வைக்க நினைத்த பெயரைப் பற்றியும், நான் வேண்டாமென்றதையும் சொன்னேன். அவளுக்கு வந்ததே கோபம்! பொய் சொன்னதற்குக்கூட அவ்வளவு வரவில்லை.

"நீ யாருடி வேணாம்னு சொல்ல? அந்தப் பேரு என்ன உன் வீட்டுச் சொத்தா? எனக்கும் அதுதானே! உன் தம்பி படிச்சது என் பேர்ல. வெக்கச் சொல்லு. ஆனா யார் பேருன்னு கேட்டா என் பேருன்னு சொல்லணும். உன் பேருன்னு ஒருத்தர் வாயில வரக் கூடாது. அதை நீயே சொல்லணும். சொல்லுவியா?"

சொல்லுகிறேன் என்றேன். கதவுவரை வந்தாள். போய்ட்டு வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

இனி உன் இஷ்டம். அவள் கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன்.

அக்கா

*

ஜூலை 28

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ தனியாக அந்த மாடி ஏறியிருக்கிறாய், முழங்கால் என்ன ஆயிற்று?

இன்று பதிவு செய்துவிட்டேன். படிவத்தில் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை, ஏப்ரலில் எழுதினதே அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "இந்தப் பேரு எழுதி எத்தனை வருஷம் ஆச்சு! யாரு பேரு சார்?" என்று கேட்டாள். நான் சொன்னேன். யாரென்று உனக்குத் தெரியும். சொன்னபோது உன்னை நினைக்காமல் இருக்க முடியவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி மூவரும் வருகிறோம். ஸ்டேஷனிலிருந்து நேரே பாலத்துக்கு அந்தப் பக்கம் போய், குழந்தையை அவங்க மடியில் போட்டுவிட்டு, அப்புறம்தான் உன் வீடு. அவங்க மகளையும் பார்க்க வேண்டும். என்ன பேசுவது என்று தெரியவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து பேசிப் பேசிப் பழக்கம், இதற்கு அது உதவாது.

கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று எழுதமாட்டேன். கோபத்தோடேயே உன் கையால் ஒரு டம்ளர் காபி குடிக்க வேண்டும் போலிருக்கிறது. பாலை வாங்கி வை.

தம்பி

*

ஆகஸ்ட் 10

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. குழந்தையோடு ரயிலில் வருகிறீர்கள், ஜன்னல் காற்று காதில் படாமல் துணி சுற்றிக் கொண்டுவாருங்கள். அங்கேயே முதலில் போங்கள். எவ்வளவு நேரமானாலும் இருந்துவிட்டு வாருங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

பெயர் வைத்த சேதி தெருவுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று மாடிவீட்டுக்காரி துணி காயப்போட வந்தவள், என் காதருகே வந்து, "கேள்விப்பட்டேன்! உங்க பேரையே வெச்சுட்டாராமே தம்பி! குடுத்துவெச்சவங்க நீங்க!" என்று கத்தினாள். நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஆமா என்பது நுனி நாக்குவரை வந்துவிட்டதுடா. எவ்வளவு சுலபமான வார்த்தை அது. சும்மா சிரித்திருந்தால்கூடப் போதும், அவளே எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு போயிருப்பாள்.

"என் பேரு இல்லைம்மா. என்னோட வேலை பாத்தவங்க பேரு" என்றேன்.

"அவங்களுக்கும் இதே பேரா?"

"ஆமா."

"யாருங்க அவங்க? அவ்ளோ வேண்டியவங்களா?"

கையிலிருந்த துணிகளை வாங்கிக் கொடியில் போட்டேன். அவளை உட்காரச் சொல்லி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா